பெட்டியில் பாதி சுகந்திக்கு

பவானியில் பழைய சந்தைத் தெருவில், ஒரே வீடாக இருந்து நடுக்கூடத்தில் சுவர் எழுப்பி இரண்டாக்கப்பட்ட ஒரு வீட்டில், மேற்குப் பக்கம் அண்ணன் சிவசண்முகமும் அவர் மனைவி வசந்தாமணியும், கிழக்குப் பக்கம் தம்பி லோகநாதனும் அவர் மனைவி சுகந்தியும் குடியிருந்தார்கள். மேற்கு வீட்டில் இருந்த படம் சேர்க்கிற பெட்டிக்குப் பெரிய டிஸ்க்குகள் போட்டபோது, யாருமே எடுக்காத படங்கள் அதில் வர ஆரம்பித்தன. அதனால் அந்த ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். தெருவில் வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் சுகந்தியைப் பிடிக்காதவர்கள்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய டிபன் கேரியர் அளவுதான் இருக்கும், கறுப்பாக, முன்பக்கம் நாலு அறையும் நாலு பச்சை விளக்கும், பின்பக்கம் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கிற ஒரு சின்ன மின்விசிறியும். விசைத்தறி மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவரும், இந்தத் தெருவில் பல வருஷம் கேமரா வைத்திருந்த ஒரே ஆளுமான சிவசண்முகம், தான் எடுத்த படங்களையெல்லாம் அதில் போட்டு, டிவிக்குக் கீழே வைத்து, சந்தனப்பொட்டு வைக்காத குறையாகத் துடைத்துப் பாதுகாத்து வந்தார். தெருக்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எல்லாம் அதில் இருந்தாலும், முக்கால்வாசி அவருடைய ஒரே மகன் பிரதீப்தான்: பிரதீப் பல் முளைத்தது, பிரதீப் மூன்று சக்கர வண்டி ஓட்டியது, பிரதீப் சாக்கு ஓட்டத்தில் விழுந்தது, பிரதீப் காலேஜில் சேர்ந்தது. கடைசியில் பிரதீப்புக்குக் கல்யாணம் ஆகி, அந்த வீடியோவையும் போட்டபோது பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி, இனி இடம் இல்லை என்றது.

பிள்ளையின் படங்களுக்கு இடம் போதவில்லை என்று வசந்தாமணி வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் சுகந்தியின் காதில் விழுந்தது, சுகந்தி அன்றைக்கு வைத்த ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். காரணம் இருந்தது. பிரதீப் பிறந்த அதே மாதத்தில் சுகந்திக்கும் ஒரு பெண் பிறந்தாள். பெற்ற உடனே சுகந்திக்கு ஜன்னி கண்டு ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்க, குழந்தையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள், அவள் தேறி வீடு திரும்புமுன் குழந்தை போய்விட்டது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுகிறவரை பிள்ளையைப் படம் எடுக்கக்கூடாது, கண்ணு பட்டுவிடும் என்று மாமியார் வைத்திருந்த சட்டத்தால், கையில் கேமரா இருந்தும் சிவசண்முகம் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சுகந்திக்குக் குழந்தை தங்கவில்லை. தான் பெற்றவளின் முகம் தெரியாமல் அவள் இருந்தாள், ஓரகத்தியோ பெற்றவன் முகத்துக்குப் பெட்டி பற்றவில்லை என்றாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

புதுப் பெட்டியே வாங்கிவிடுங்கள், அந்தக் கிழட்டுப் பெட்டி பெரிய டிஸ்க்கை ஏற்காது என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னதை சிவசண்முகம் கேட்கவில்லை. அந்தப் பெட்டியின் குணம் அவருக்குத் தெரியும். எந்தப் படமும் அதில் ஒரே டிஸ்க்கில் முழுதாக இருக்காது. ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக நாலிலும் பிரித்து எழுதி வைக்கும். ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் மற்ற மூன்றும் கூடி அதில் இருந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளும், இரண்டு போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே பழையதில் ஒன்றை உருவி, பெரியதில் ஒன்றைச் செருகி, மிச்சம் மூன்றும் புதிதாக வந்ததற்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை பொறுத்திருந்து, விளக்கு சிமிட்டுவதை நிறுத்திய பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். அந்த நாட்களில் வசந்தாமணி அந்தப் பக்கம் சத்தமாக மிக்சி கூடப் போடவில்லை, போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் ஜன்னல் வழியாக, எத்தனை ஆச்சுங்க என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது டிஸ்க்கும் மாற்றி முடிந்து, பெட்டிக்குள் பழையதைப்போல் பல மடங்கு வெற்றிடம் உண்டான மறுநாள் காலையில், அந்த வெற்றிடத்தில் ஒரு படம் இருந்தது. சிவசண்முகத்தின் செத்துப்போன அப்பா, கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து கம்மஞ்சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சட்டையில்லாமல், ஒரு கன்னம் உப்பி. கேமரா வருவதற்கு முன்னால் இடிக்கப்பட்ட கிணறு அது. சிவசண்முகம் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்பாவுக்கு அப்போதே மேல்வரிசையில் பல் போயிருந்திருக்கிறது என்று வசந்தாமணியிடம் சொன்னார், பல் விளக்கப் போனார். அடுத்த நாள் வசந்தாமணி புதுப்பெண்ணாக அந்த வாசற்படி ஏறியது வந்தது, ஒரு கொலுசு அறுந்து கையில் இருக்க. அதற்கடுத்த நாள் தெரு வந்தது.

தெருவில் நடந்து, யாரும் படம் எடுக்காமல் விட்ட நாட்கள்தான் வந்தன, வேறு ஊரில் நடந்தது எதுவும் வரவில்லை. தையல்கார சௌந்தரத்துக்கு, இறந்துபோன புருஷன் அவளுக்கு சைக்கிள் பழக்கிவிட்டது வந்தது, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதாகச் சொன்ன மனுஷன் ஆரம்பத்திலேயே கையை விட்டுவிட்டது அந்தப் படத்தில் தெரிந்ததால் அவள் ஒருநாள் முழுக்க அவரைத் திட்டினாள். முருங்கைமரம் யாருடையது என்று வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு குடும்பத்துக்கும், அதை நட்டது மூன்றாவது வீட்டுக்காரர் என்று படம் வந்துவிட, இரண்டு பேரும் மனம் விட்டுப்போய் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டுக்குப் போகுமுன் மேற்கு வீட்டுக்கு வந்து போனார்கள். ஸ்டுடியோக்காரர் முதலில் பிழைப்பு போச்சு என்று சண்டைக்கு வந்தார், பிறகு தினமும் வந்து, வெளிச்சம் சரியில்லை, ஆளை மையத்தில் வைக்கவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் அதற்கென்று முறைகளும் ஏற்பட்டன. செருப்பை வாசலில் விட வேண்டும். அடுத்தவர் நாள் திரையில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெறுங்கையோடு வரக்கூடாது. இதனால் வசந்தாமணியின் சமையலறை கீரைக்கட்டும் முறுக்கும் எலுமிச்சையுமாக நிறைந்தது, கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சுகந்தி போட்ட கோலத்தைத் தாண்டித்தான் மேற்கு வாசலுக்குப் போனார்கள், சில பேர் தாண்டாமல் மிதித்தும் போனார்கள். சுகந்தி போகவில்லை. சுவரில் காதை வைக்கவும் இல்லை, ஆனால் சுவரை ஒட்டித்தான் அரிசி புடைத்தாள், சுவரை ஒட்டித்தான் துணி மடித்தாள். லோகநாதன் மட்டும் சாயங்காலமானால் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்து, சின்ன வயதில் மொட்டை மாடியில் கொய்யா தின்றது வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

"இங்கயும் கொய்யா இருக்குது," என்பாள் சுகந்தி. "தின்னுங்க."

ஊருக்கெல்லாம் வருகிறதே, எனக்கு வருமா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வந்தாலும் வசந்தாமணி வீட்டு டிவியில் வந்து, வசந்தாமணி போடுகிற பாயில் உட்கார்ந்து பார்த்து, வசந்தாமணிக்கு ஒரு கீரைக்கட்டும் கொடுக்க வேண்டும். அதைவிட வராமலே இருக்கட்டும் என்று நினைத்தாள், அப்படி நினைத்த மறுநிமிஷமே, வராமல் போய்விடுமோ என்று பயந்தாள். தெருக்காரர்களின் நாட்களால் பெட்டி நிறைந்துகொண்டு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் லோகநாதன் சிரிக்காமல் வந்தார். சுகந்தி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நம்ம பாப்பா வந்திருக்குது," என்றார்.

அவள் கையைக் கழுவவில்லை. மாவுக் கையோடு தன் கோலத்தைத் தானே மிதித்துக்கொண்டு மேற்கு வாசலில் ஏறினாள். உள்ளே சிவசண்முகம் எழுந்து ஒதுங்கி நின்றார், வசந்தாமணி மட்டும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள், வா என்றுகூடச் சொல்லவில்லை. டிவியில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளறைப் பாயில் பிரதீப் கை காலை உதைத்து அழுதுகொண்டிருக்க, வசந்தாமணி மடியில் சுகந்தியின் பெண்ணைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் காலை நீட்டி அவளைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் மறுபடியும் பால். எல்லாப் படத்திலும் வசந்தாமணி இருந்தாள், எல்லாப் படத்திலும் சுகந்தி இதுவரை அவள் முகத்தில் பார்த்திராத ஒரு சந்தோஷம் இருந்தது.

"புட்டிப் பால் குடுத்தம்னு சொன்னீங்க," என்றாள் சுகந்தி.

"அத்தை அப்பிடிச் சொல்லச் சொன்னாங்க," என்றாள் வசந்தாமணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "உனக்குத் தெரிஞ்சா மனசு கெட்டுப்போகும்னாங்க."

என் பிள்ளையும் இவளுடையதாகத்தான் இருந்திருக்கிறாள் என்று சுகந்திக்குத் தோன்றியது. வீட்டில் பெரிய பக்கம் இவளுக்கு, வளர்ந்து நிற்கிற மகன் இவளுக்கு, பெட்டி இவளுக்கு, தெரு முழுக்கக் கொண்டுவந்து கொட்டுகிற கீரை இவளுக்கு, நான் சாகக் கிடந்த நாட்களில் என் மகளும் இவளுக்கு. புருஷனின் அண்ணனிடம் முகம் பார்த்துப் பேசாத முறையை விட்டு, அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, இதுல எங்களுக்குப் பங்கு வேணும்."

பங்கு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மறுப்பு கிடையாது. தாய்மாமன் நாச்சிமுத்து வரவழைக்கப்பட்டார், குடும்பம் பிரிகிறபோது அண்டா குண்டாக்களையும் கட்டில்களையும் பிரித்துக் கொடுத்தவர் அவர்தான். பொதுவில் இருந்தபோது வாங்கிய கேமராவில் எடுத்தவை ஆனதால் படங்களும் பொதுவே என்று அவர் முடிவு செய்தார். இரண்டு டிஸ்க்கில் பாதிப் படம் இருக்காது, ஒன்றுமே இருக்காது, நாலும் சேர்ந்தால்தான் ஒரு முகமாவது தெரியும் என்று சிவசண்முகம் தலைகீழாக நின்று விளக்கினார். எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் எடுத்து அவளுக்குத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"நகலு எனக்கு வேண்டாமுங்," என்றாள் சுகந்தி. "நகலு எனக்கு, அசலு அவங்களுக்கா?"

"நாலு இருக்குது, ஆளுக்கு ரெண்டு," என்றார் நாச்சிமுத்து. "அண்டாவப் பிரிச்சப்பவும் நீ இப்பிடித்தான் வெளக்கம் சொன்னே சம்முகம்."

சிவசண்முகம் மனைவியைப் பார்த்தார். அவள் மறுத்தால் நிறுத்திவிடலாம் என்றிருந்தார்.

"குடுத்துருங்க," என்றாள் வசந்தாமணி.

"பையன் கண்ணாலமும் போயிரும், புரியுதா உனக்கு?"

"புரியுதுங். குடுத்துருங்க."

மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அதன்படி சிவசண்முகம் பெட்டியை அணைத்து, நாலு டிஸ்க்கையும் உருவி, வாழையிலையில் இரண்டு இரண்டாக வைத்தார். எதில் என் மகள் இருக்கிறாள் என்று தெரியாமல் சுகந்தி இரண்டு பங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வலதுபக்கம் இருந்ததை எடுத்து, கூறைப்புடவையில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். லோகநாதன் ஒருநாள் யாரிடமோ வாங்கிவந்த கம்ப்யூட்டரில் அவற்றைச் செருகிப் பார்த்தார். இதில் ஒன்றும் இல்லையே, துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்று அது கேட்டது. அவர் பயந்துபோய் வேண்டாம் என்று அழுத்திவிட்டு உருவிக்கொண்டு வந்தார்.

தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. முருங்கைமரத்துக்காரர்கள் சந்தோஷமாக மறுபடியும் வழக்குப் போட்டார்கள், பெண் பார்க்கிறவர்கள் பழையபடி விசாரித்தே பார்த்தார்கள், ஸ்டுடியோக்காரர் கடைக்கு வெள்ளையடித்தார். சுகந்தியை யாரும் நேராக ஒன்றும் சொல்லவில்லை, அவளிடம் கறிவேப்பிலை கேட்டு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. வசந்தாமணி வீட்டில் சத்தம் அடங்கியது, கீரைக்கட்டு நின்றது, டிவிக்குக் கீழே பெட்டி விளக்கில்லாமல் இருந்தது, இதையெல்லாம் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

ஆனால் அந்தக் குளிர்ச்சி நிற்கவில்லை. பீரோவைத் திறந்து அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அன்றைக்குப் பார்த்த மகளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர உட்கார்ந்தால், வசந்தாமணியின் முகம்தான் வந்தது. பால் கொடுக்கிற வசந்தாமணி, குளிப்பாட்டுகிற வசந்தாமணி, அவள் மூக்குத்தி, அவள் கழுத்து, அவள் சிரிப்பு, எல்லாம் துல்லியமாக வந்தன. மடியில் இருந்தவள் வரவில்லை. எத்தனையோ படங்கள் கண்முன் ஓடியும், ஒரு படத்தில்கூடத் தன் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அவளை வைத்திருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது சுகந்திக்குப் புரிய இரண்டு மூன்று நாள் ஆனது. புரிந்தபோது பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணனும் தம்பியும் கீழே உட்கார்ந்து, எது எந்த அறையில் இருந்தது என்று நினைவுபடுத்தி, நாலையும் செருகிப் பெட்டியைப் போட்டார்கள். விளக்குகள் சிவந்து, சிமிட்டி, வெகுநேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பச்சையாயின. எடுத்த படங்கள் அத்தனையும் இருந்தன, பிரதீப்பின் கல்யாணம் தாலி முடிச்சு வரைக்கும் இருந்தது. எடுக்காத படங்கள் ஒன்றும் இல்லை. கிணற்றடி அப்பா இல்லை, சைக்கிள் இல்லை, உள்ளறைப் பாய் இல்லை. அவை இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. அடுத்த நாள் பார்த்தார்கள், அதற்கடுத்த நாளும் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"இன்னும் எவ்வளவு இடம் இருக்குது பாரு," என்று சிவசண்முகம் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு வெளியே போனார்.

வசந்தாமணி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுகந்தி போய்ப் பக்கத்தில் நின்றாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அந்தத் தெருவிலேயே, இந்த உலகத்திலேயே, தன் பெண்ணின் முகத்தை முழுசாக நினைவில் வைத்திருக்கிற ஒரே ஆள் தன்னால் சகித்துக்கொள்ள முடியாத இவள்தான். கழுவி வைத்த ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். இன்னொன்றையும் துடைத்தாள்.

"எப்பிடி இருந்தா, அக்கா?" என்றாள்.

வசந்தாமணி குழாயை மூடினாள். "கறுப்பு," என்றாள். "உன்ற நெத்தி. கொஞ்சம் ஏறுன நெத்தி. கண்ணு ரெண்டும் பெருசு, பால் குடிக்கறப்பக்கூட மூட மாட்டா, என்னமோ நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு பாத்துட்டே குடிப்பா. கீழ் உதட்டுல ஒரு சின்ன மச்சம். சிரிச்சா அது உள்ள போயிரும்." கையிலிருந்த சாம்பலை முந்தானையில் துடைத்தாள். "பிரதீப்பு அழுவான், நான் தூக்க மாட்டேன். இவளத்தான் தூக்குவேன்."

சுகந்தி தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படமெல்லாம் வந்தப்ப எனக்கு உசுரே இல்ல சுகந்தி. நீ என்ற மூஞ்சியப் பாத்தே. பாத்ததும் என்ற மனசு தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதனாலதான் போனாப் போகுது குடுத்துருங்கன்னேன்," என்றாள் வசந்தாமணி. "எனக்குப் பொட்டப்புள்ள வேணும்னு இருந்துது. உனக்கு அப்பிடி ஒருத்தி பொறந்துட்டாளேன்னு பொறாமை. ஆஸ்பத்திரில இருந்து உனக்கு முழிப்பு வந்திருச்சுன்னு நாச்சிமுத்து மாமா வந்து சொன்னாரு. வராமயே இருந்திருக்கலாமேன்னு நெனச்சுப்போட்டேன். ரெண்டு நாள்ல அவ போயிட்டா. யாருகிட்டயும் நான் இதச் சொன்னதில்ல."

சுகந்தி ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்து நின்றாள், வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தன்னிடம் இருந்த ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு வெந்திருக்கிறாள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"நெசமாலுமா அக்கா?"

"நெசமாலும்."

சுகந்தி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். தன் நெற்றியைத் தானே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்ற புள்ள அவ்வளவு அழகா இருந்தாளா?"